தளர்நடைப் பிள்ளைகளின் காப்பகம்: அன்றாடப் பராமரிப்பு என்பது என்ன?

ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளையைக் காப்பகத்தில் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "இங்கே என்ன சொல்லிக் கொடுப்பீங்க?" என்பதுதான். சுவரில் ஒட்டியிருக்கும் எழுத்து அட்டையையும் விலங்குப் படங்களையும் பார்த்துத் திருப்தியடைந்து, குளியலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த வயதுப் பிள்ளையின் ஒரு நாள் உண்பது, கழிப்பது, உறங்குவது, நடந்து பழகுவது, அழுவது, அழுகை ஓய்ந்து மறுபடி விளையாடப் போவது என்பவற்றாலேயே நிரம்பியிருக்கிறது. இவற்றை ஒருவர் எவ்வளவு பொறுமையோடும் ஒழுங்கோடும் நடத்திக் கொடுக்கிறார் என்பதே அங்கே கற்பிக்கப்படும் பாடம். அதைத்தான் குழந்தை வளர்ச்சித் துறையினர் அன்றாடப் பராமரிப்பு என்கிறார்கள். காப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும், முதல்முறையாகப் பிள்ளையை வெளியே விடும் பெற்றோருக்கும் அதை அடிப்படையிலிருந்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

தளர்நடைப் பருவம் என்று இங்கே சொல்வது ஏறத்தாழ 12 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள காலத்தை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இதன் தொடக்கத்தை உற்றுக் கவனித்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. குழந்தையை வருக வருக என்று அழைக்கும் வாரானைப் பருவத்தை 13ஆம் மாதத்திலும், நிலாவைச் சுட்டிக் காட்டும் அம்புலிப் பருவத்தை 15ஆம் மாதத்திலும் வைப்பது அந்த இலக்கிய வகையின் மரபு. இந்தப் பருவத்தின் தலையாய சிக்கல், கால்கள் ஓடும் வேகத்துக்கு நாக்கு ஓடாது என்பதுதான். இரண்டு வயது நிறையும்போது ஐம்பது சொற்கள் அளவில் பேசி, இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வது பொதுவாக எதிர்பார்க்கப்படும் வளர்ச்சி. அதற்கு முன்பு வேண்டியதைக் கேட்கவும் வேண்டாததை மறுக்கவும் பிள்ளையிடம் இருப்பவை அழுகையும், உடம்பை வில்லாக வளைத்துக்கொள்வதும், சில வேளைகளில் பற்களும்தான்.

எங்கே, எத்தனை பேருக்கு எத்தனை பேர்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விடியுமுன்பே கிளம்புகிற பெண், அரசு இராசாசி மருத்துவமனையில் காலைப் பணிக்குப் போகும் செவிலியர், கப்பலூர்த் தொழிற்பேட்டையிலும் வடபழஞ்சித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவிலும் வேலை பார்ப்பவர்கள் என்று மதுரையில் பிள்ளையைப் பகல் முழுவதும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியவர்கள் பல வகையினர். நம் ஊர்ப் பக்கம் இன்னும் பால்வாடி என்றே அழைக்கப்படும் அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இரண்டு வயது கடந்த பிள்ளைகளே அங்கு நாள்தோறும் வந்து அமர்கிறார்கள். அதற்கும் சிறியவர்களுக்குச் சத்துமாவு வீட்டுக்குப் போகிறது. எனவே ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு முழுநாள் இடம் வேண்டுமானால், தனியார் காப்பகமோ வேலையிடத்துக் காப்பகமோதான் பெரும்பாலும் வழி.

வேலையிடத்துக் காப்பகம் முதலாளியின் தயவால் கிடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை இருக்க வேண்டும் என்றது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும் என்பதோடு, தாய் ஒரு நாளில் 4 முறை அங்கே சென்று வரலாம் என்றும் சொன்னது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் நன்கறிந்த நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலும், வேலைத்தளத்துக்கு 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், வந்திருக்கும் பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்கவே அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்ற விதி இருந்தது. பிள்ளை பார்ப்பதும் கூலிக்குரிய வேலையே என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட விதி அது.

ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்க முடியும் என்பதே மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. நடுவண் அரசின் தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் என்று வைத்திருந்தது. இங்கிலாந்தில் 2 வயதுக்குட்பட்ட 3 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது விதி; 2 வயதுப் பிள்ளைகளுக்கு 4 பேருக்கு ஒருவர் என்றிருந்ததை 2023 செப்டம்பரில் 5 பேருக்கு ஒருவர் என்று தளர்த்தியபோதே அங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. நம் ஊரில் அந்த எண்ணிக்கையை எதிர்பார்ப்பது இப்போதைக்குக் கைகூடாது. ஆனால் இருக்கும் ஆட்களையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனுடைய அக்கா இன்னார் என்று பிரித்துக் கொடுக்க எந்தக் காப்பகத்தாலும் முடியும். அந்த ஒருவரே அப்பிள்ளையைக் காலையில் வாங்கிக்கொள்வது, சோறு கொடுப்பது, கழுவிவிடுவது, தூங்க வைப்பது என்று முறை அமைந்தால், பிள்ளை பற்றிக்கொள்ள ஒரு முகம் கிடைக்கிறது. சோற்றுக்கு ஓர் ஆயாம்மா, கழிப்பறைக்கு வேறோர் ஆயாம்மா என்று வேலை வாரியாகப் பிரிப்பது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கலாம். பிள்ளைக்கோ நாள் முழுவதும் கைமாறிக்கொண்டே இருக்கும் அனுபவம்தான் மிஞ்சும்.

காலை ஒப்படைப்பு

ஏறத்தாழ 8 மாதத்தில் தலைகாட்டி, ஒரு வயதை ஒட்டியும் அதற்குப் பிறகு ஒன்றரை வயது வரையும் வலுத்து, பிறகு மெல்லத் தணிவது பிரிவச்சம், அதாவது தாயைப் பிரிய நேரும்போது வரும் அச்சம். தாய் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கோ இருக்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. எப்போது வருவாள் என்பது மட்டும் தெரியவில்லை. அழுகைக்குக் காரணம் இதுதான். ஆகவே வாசலில் அழும் பிள்ளை செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பிள்ளை என்ற பேச்சுக்கு இடமில்லை. எவ்வித அழுகையுமின்றி முதல் நாளே யார் மடியிலும் போய் உட்காரும் பிள்ளையைக் கண்டுதான் அனுபவமுள்ள பணியாளர் கொஞ்சம் கூடுதலாகக் கவனம் வைப்பார்.

"அது விளையாடிட்டு இருக்கும்போதே சத்தமில்லாமக் கிளம்பிடு" என்று பெரியவர்கள் சொல்லும் அறிவுரை வீட்டில் பாட்டியிடம் விட்டுச்செல்லும்போது ஓரளவு வேலை செய்திருக்கலாம். காப்பகத்தில் அது எதிர்விளைவையே தருகிறது. திரும்பிப் பார்த்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று ஒரு முறை கண்டுகொண்ட பிள்ளை, மறுநாளிலிருந்து விளையாட்டுச் சாமானைக் கையில் எடுக்காமல் கதவையே காவல் காக்கத் தொடங்குகிறது. செய்ய வேண்டியது மிக எளிது, ஆனால் நாள் தவறாமல் செய்ய வேண்டும். ஒரே இடத்தில், ஒரே சொற்களில், சுருக்கமாக விடைபெற்று, தாயின் தோளிலிருந்து அக்காவின் தோளுக்கு நேரடியாக மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன்" என்பதால் பயனில்லை, ஏனெனில் கடிகாரம் அந்த வயதுக்கு எட்டாது. "நீ தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சுப் பால் குடிச்சதும் அம்மா வந்துருவேன்" என்பது எட்டும். சொன்ன வரிசையில் காப்பகத்தின் பகலும் நாள்தோறும் நடந்தால், சில வாரங்களில் பால் டம்ளரைக் கண்டதும் பிள்ளை வாசலைப் பார்க்கிறது. சோறும் தூக்கமும் வேளைக்கு நடப்பது நிர்வாக ஒழுங்கு மட்டுமன்று. பிள்ளைக்கு அதுவே கடிகாரம்.

முதல் வாரத்தை முழு நாளாகத் தொடங்காமல், தாயோ பாட்டியோ உடனிருக்கும் ஒரு மணி நேரம், பிறகு அவர்கள் இல்லாத ஒரு மணி நேரம், பிறகு சோறு வரை, பிறகு தூக்கம் வரை என்று நீட்டுவது நல்லது. புது வேலையில் சேர்ந்த தாய்க்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை என்பது உண்மை. அந்நிலையில் தாயின் பழைய சேலைத் துண்டு ஒன்றைப் பிள்ளையோடு அனுப்புவது பெரிதும் உதவுகிறது. அதைக் காப்பகம் துவைத்துவிடக் கூடாது, குறைந்தது முதல் வாரத்திலாவது.

ஒப்படைக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் கேட்டுக் குறிக்க வேண்டியவை சில உண்டு: கடைசியாக எப்போது சாப்பிட்டது, இரவு எப்படித் தூங்கியது, காலையில் மலம் கழித்ததா, காய்ச்சலுக்கு ஏதும் மருந்து கொடுத்தார்களா என்பன. சேரும் நாளன்று வீட்டுச் சொற்களையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டில் மம்மு என்பது சோறு, உச்சா என்பது சிறுநீர், தாச்சி என்பது தூக்கம். இன்னொரு வீட்டில் வேறு. மதுரையில் சௌராட்டிரம் பேசும் குடும்பங்கள் ஏராளம். தெலுங்கும் உருதும் பேசும் வீடுகளும் உண்டு. தண்ணீர் கேட்டு அரை மணி நேரம் அழுத பிள்ளையை அடம்பிடிக்கிறது என்று எழுதி வைக்காமல் இருக்க, அந்த வீட்டுச் சொற்களில் ஐந்தாறு தெரிந்திருந்தாலே போதும்.

சோறு

ஒரு வயது கடந்த பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு வேளை உணவும், இடையே ஒன்றிரண்டு சிற்றுண்டியும் தேவை. வயிறு சிறியது, ஒரே வேளையில் நிறைய ஏற்ற முடியாது. குழைந்த பருப்பு சாதத்தில் நெய், இட்லி, கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டை, வாழைப்பழம், மசித்த கீரை, தயிர்சாதம் என்று நம் சமையலறையிலேயே இதற்கு எல்லாம் இருக்கிறது. கவனிக்க வேண்டிய ஒன்று பாலின் அளவு. சோறு இறங்கவில்லையென்று பாட்டில் பாட்டிலாகப் பால் கொடுத்தால் பசி கெடுகிறது, இரும்புச்சத்தும் குறைகிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஊட்டுவதில் நம் வழக்கமும் காப்பகத்தின் தேவையும் மோதுகின்றன. இடுப்பில் வைத்து, காக்காய் காட்டி, வாயைத் திறக்க வைத்து உருண்டையைத் தள்ளுவது அன்பின் அடையாளமாக நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பங்கீடு இங்கே பயன்படும்: எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பதைப் பெரியவர் முடிவு செய்ய வேண்டும், எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும். காப்பகத்தில் பாயில் உட்கார வைத்து, விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் கிண்ணத்தில் சிறிதளவு சோறு வைத்து, பிள்ளையின் கையில் பிசையவிட்டு, பக்கத்தில் இன்னொரு கரண்டியோடு அக்கா உட்கார்ந்திருப்பது இரண்டுக்கும் நடுவான வழி. தரையெல்லாம் பருக்கை சிதறும், முழங்கை வரை தயிர் வழியும்; துடைக்கும் நேரத்தையும் சேர்த்தே சாப்பாட்டு நேரத்தைக் கணக்கிட வேண்டும். தட்டைக் காலி செய்யும்வரை விடாமல் திணித்துவிட்டு, "இன்னிக்கு முழுசாச் சாப்பிட்டுட்டான்" என்று தாயிடம் பெருமையாகச் சொல்லும் காப்பகத்தைவிட, "இன்னிக்கு ரெண்டு வாய்தான் சாப்பிட்டான், வீட்டுல பாத்துக்குங்க" என்று உண்மையைச் சொல்லும் காப்பகமே நம்பத்தக்கது.

கைப்பேசியைக் காட்டி ஊட்டுவதைப் பற்றி ஒரே சொல்தான்: வேண்டாம். ஒரு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை அறவே கூடாது, இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது 2019இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். வீட்டில் அந்தப் பழக்கம் இருந்தால் காப்பகத்தில் முதல் சில நாள் சோறு இறங்காது. அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது பிணக்கைத் தவிர்க்கும்.

தொண்டையில் அடைக்கும் உணவுகள் தனிப் பட்டியலுக்கு உரியவை. வேர்க்கடலை, பொரிகடலை, முழுத் திராட்சை, பட்டாணி, முறுக்குத் துண்டு, கெட்டி மிட்டாய் ஆகியவை காப்பகத்துக்குள் வரவே கூடாது. நவராத்திரி நாட்களில் அன்போடு கொண்டுவரப்படும் கொண்டைக்கடலைச் சுண்டலும் இதில் அடங்கும், மசித்தால் கொடுக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ இருக்கும் பிள்ளையின் வாயில் எதையும் வைக்கக் கூடாது. அப்படியும் அடைத்து, பிள்ளையால் இருமவோ அழவோ முடியாமல் போனால், ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முன்பக்கம் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டுகளும், பின்னாலிருந்து அணைத்து மேல்வயிற்றில் 5 அழுத்தங்களும் மாறி மாறித் தர வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது, மார்பில்தான் அழுத்த வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது. முதலுதவி தெரிந்தவரிடம் பொம்மையை வைத்துச் செய்து பழக வேண்டும்.

கழுவிவிடுதலும் கழிப்பறைப் பழக்கமும்

காப்பகத்தின் தரத்தை அறிய ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்கலாம் என்றால், டயப்பர் மாற்றும் இடத்தைப் பார்க்கலாம். ஹங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் 1946இல் புடாபெஸ்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லமொன்றைத் தொடங்கியபோது, குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் சோறு கொடுப்பதும்தான் ஒரு குழந்தைக்கும் ஒரு பெரியவருக்கும் நடுவே முழுமையான உறவு உண்டாகும் நேரம் என்று கண்டு, அந்த வேலைகளை அவசரமின்றிச் செய்யப் பணியாளர்களைப் பழக்கினார். "இப்ப ஈரத்துணியை எடுக்கப் போறேன், காலைத் தூக்குறியா?" என்று கேட்டு, பிள்ளை காலைத் தூக்கும்வரை ஒரு நொடி காத்திருப்பதுதான் அவருடைய முறையின் சாரம். ஒரு நாளில் ஐந்தாறு முறை இப்படி நடந்தால், மொழியும் வளர்கிறது, தன் உடம்பைத் தன் இசைவோடுதான் பிறர் தொடுவார்கள் என்ற உணர்வும் வளர்கிறது. பின்னாளில் நாம் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தரும் பாதுகாப்பான தொடுதல் இங்கேதான் தொடங்குகிறது.

செய்முறையில் விட்டுவிடக் கூடாதவை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்து, மலம் கழித்திருந்தால் அப்போதே மாற்ற வேண்டும். மேசையைவிடத் தரையில் விரித்த ரப்பர் விரிப்பே மேல். தரையிலிருந்து யாரும் கீழே விழுவதில்லை. பெண் குழந்தைகளை முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். முகப்பவுடரை அள்ளிக் கொட்டுவது நம் வீடுகளில் வழக்கம். அந்தத் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு என்பதால் தவிர்ப்பது நல்லது. சிவந்திருந்தால் நீரால் கழுவி, ஒற்றி உலர்த்தி, சற்று நேரம் காற்றோட்டமாக விடுவதே முதல் மருந்து, மதுரை வெயிலில் குறிப்பாக. முடிந்ததும் பணியாளர் கையைச் சோப்பிட்டு 20 நொடியாவது கழுவ வேண்டும். பிள்ளையின் கையையும் கழுவ வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மாற்றும் இடமும் சோறு வைக்கும் இடமும் ஒன்றாக இருந்தால் அந்தக் காப்பகத்தைப் பற்றி வேறெதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

கழிப்பறைப் பழக்கம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையே அமைகிறது. இரண்டு மணி நேரம் உலர்ந்தே இருப்பது, மறைவாகப் போய் நிற்பது, ஈரமானதும் இழுத்துக் காட்டுவது, கால்சட்டையைத் தானே கீழே தள்ள முயல்வது ஆகியவை ஆயத்தமாகிவிட்டதன் அறிகுறிகள். நம் பாட்டிமார் இதற்கெல்லாம் காத்திருக்காமல், காலில் உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பி ஆறு மாதத்திலேயே பழக்கிவிடுவார்கள். அது தவறில்லை, ஒரு பிள்ளையின் முகத்தையே நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரால் அது முடியும். எட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, எல்லோரும் இருந்து முடிக்கும்வரை எழ விடாமல் வைப்பதுதான் தவறு. பொத்தான் நிறைந்த உடையைத் தவிர்த்து, இலாஸ்டிக் கால்சட்டை இரண்டு மூன்று அனுப்பச் சொல்ல வேண்டும். தவறிப் போனால் "ஷேம் ஷேம்" என்று கேலி செய்யும் வழக்கம் ஒன்றிருக்கிறதே, அது எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கத்தக்கதன்று. அவமானப்பட்ட பிள்ளை அடக்கிக்கொள்ளும். அடக்கினால் மலச்சிக்கல் வரும். வலித்தால் மேலும் அடக்கும்.

பகல் தூக்கம்

1 முதல் 2 வயது வரை ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. பகல் தூக்கமும் அதில் சேர்த்தி. ஒன்றேகால் வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் இரண்டு பகல் தூக்கங்கள் ஒன்றாகச் சுருங்குகின்றன. வீட்டில் சேலைத் தூளியில் ஆடித் தூங்கிய பிள்ளைக்குத் தரையில் விரித்த பாய் அன்னியமானது. முதல் நாட்களில் மடியிலோ முதுகில் தட்டியோ தூங்க வைத்துப் பிறகு பாயில் கிடத்தலாம். பல பிள்ளைகள் உள்ள இடத்தில் தூளி கட்டாமல் இருப்பதே நல்லது, எட்டிப் பிடித்துக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். பாய்களுக்கு நடுவே மூன்றடி இடைவெளி, முகத்தை மூடாத மெல்லிய பருத்திப் போர்வை, பிள்ளையின் முகநிறம் தெரியுமளவு வெளிச்சம், விழித்திருக்கும் ஒரு பெரியவர் ஆகியன கட்டாயம். மின்சாரம் போகும் மே மாத மதியத்தில் அந்த ஒருவர் கையில் விசிறி இருக்கும்.

விளையாட்டும் கடியும்

இரண்டு வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இலேயே இதை இணைநிலை விளையாட்டு என்று வகைப்படுத்தியிருக்கிறார். அவர்களிடம் "அண்ணனுக்குக் குடு, பகிர்ந்து விளையாடு" என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட, ஒரே மாதிரி வண்டி இரண்டு வாங்கி வைப்பது அமைதிக்கு வழி. விலையுயர்ந்த சாமான் தேவையில்லை. பெரிய சொப்புகள், மூடியோடு டப்பாக்கள், துணிப் பந்து, அட்டைப் பெட்டி, பிள்ளை நின்று தள்ளும் மர நடைவண்டி போதும். உள்ளே உட்கார வைத்துச் சக்கரத்தில் ஓடும் வாக்கர் வேறு வகை; படியில் உருண்டு தலையில் அடிபடுவதால் கனடா 2004இலேயே அதைத் தடை செய்துவிட்டது. ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது பிள்ளைகள் பரவலாக அசைந்து ஆட வேண்டும் என்பதால், கோடையில் காலை பத்து மணிக்கு முன்பே முற்றத்தில் விட்டுவிட வேண்டும். பிறகு இரும்புச் சறுக்குமரம் தொடையைச் சுட்டுவிடும்.

கடிப்பது இந்த வயதில் எல்லாக் காப்பகங்களிலும் நடக்கிறது. பல் முளைக்கும் ஊறல், சொல்ல முடியாத ஆத்திரம், நெரிசல், களைப்பு, கடித்தால் என்ன ஆகும் என்ற வெறும் ஆர்வம் என்று காரணங்கள் பல. கடித்தவுடன் அக்கா கடிபட்ட பிள்ளையைத்தான் முதலில் தூக்க வேண்டும், கடித்த பிள்ளையிடம் அதன் உயரத்துக்குக் குனிந்து, "கடிச்சா வலிக்கும். வேணும்னா கையை நீட்டிக் கேளு" என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். திருப்பிக் கடித்துக் காட்டுவது, நாக்கில் மிளகாய் வைப்பேன் என்பது, பூச்சாண்டியையும் ஊசியையும் கூப்பிடுவது ஆகியவை பயத்தை மட்டுமே கற்பிக்கும். கடிபட்ட இடத்தைச் சோப்பு நீரால் கழுவிக் குளிர்ந்த துணியை ஒற்ற வேண்டும்; தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரு வீட்டாருக்கும் அன்றே சொல்ல வேண்டும், ஆனால் கடிபட்ட பிள்ளையின் வீட்டாரிடம் கடித்த பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாது. எந்த நேரத்தில், எந்த மூலையில், எதற்காகக் கடித்தது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால், பெரும்பாலும் சோற்றுக்கு முந்தைய அரை மணி நேரமும் இட நெருக்கடியும்தான் காரணம் என்று தெரியவரும்.

தண்ணீரும் சிறு பொருட்களும் காய்ச்சலும்

குழாயில் தண்ணீர் வரும் நாளில் அண்டா, குடம், பக்கெட் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்பது நமக்குப் பழக்கம். தளர்நடைப் பிள்ளைக்கு உடம்பைவிடத் தலை கனம். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்க்கையில் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. சில அங்குலத் தண்ணீரே உயிரைக் குடிக்கப் போதும். பிடித்த தண்ணீர் பூட்டிய அறைக்குள்ளோ, இறுக்கமான மூடிக்குள்ளோதான் இருக்க வேண்டும். தரைத்தொட்டியின் மூடி நாள்தோறும் பார்க்கப்பட வேண்டும். இந்த மூடிகள் டெங்கு கொசுவுக்கும் தடை.

31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு குழாய்க்குள் அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருளாகக் கூடாது என்பது பொம்மைப் பாதுகாப்பில் பின்பற்றப்படும் அளவு. அந்தக் கணக்கில் பல்லாங்குழிச் சோழியும் புளியங்கொட்டையும் வெளியே. பொத்தான் மின்கலம் உள்ளே போனால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும் என்பதால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பிள்ளையின் உடம்பிலேயே வரும் பொருட்களும் உண்டு: கொலுசு மணி, கழுத்துத் தாயத்துக் கயிறு, சங்கிலியில் மாட்டிய ஊக்கு. இவற்றைக் காரணம் சொல்லிப் பெற்றோரிடம் கழற்றித் தரச் சொல்லலாம். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டும் அரைஞாண் கயிறும் யாருக்கும் கேடு செய்வதில்லை. சுத்தம் என்ற பெயரில் அவற்றை அழிக்கவும் அறுக்கவும் காப்பகத்துக்கு வேலையில்லை.

100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், தொடர் வயிற்றுப்போக்கு, வாந்தி, மெட்ராஸ் ஐ, அம்மை, கைகால் வாய்க் கொப்புளம் இருந்தால் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். இதைச் சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிட்டால் காலையில் வாசலில் வாக்குவாதம் வராது. விடுப்பு கிடைக்காத தாய் மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. திட்டுவதைவிட, எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்பதைக் கேட்டு வாங்குவது பிள்ளைக்கு உதவும். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் நீரில் கரைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். பெற்றோர் எழுதித் தராத எந்த மருந்தையும், உரைமருந்து உட்பட, காப்பகம் கொடுக்கக் கூடாது.

மாலை

நாள் முழுவதும் சிரித்து விளையாடிய பிள்ளை, தாயைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்குவது பலரைக் கலங்க வைக்கிறது. காப்பகத்தில் ஏதோ கொடுமை நடந்துவிட்டதோ என்று சந்தேகிக்கவும் வைக்கிறது. பகலெல்லாம் அடக்கி வைத்ததைத் தன் ஆளிடம் கொட்டுகிறது என்பதே பெரும்பாலான வேளைகளில் அதன் பொருள். ஆனால் ஒரு குறிப்பிட்ட பணியாளரைக் கண்டு ஒதுங்குவது, சரியாகிக்கொண்டிருந்த தூக்கம் திடீரென்று கெடுவது, விளக்கமில்லாத காயம் ஆகியவை தென்பட்டால் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிவிக்காமல் பகலில் ஒரு முறை சென்று பார்க்க வேண்டும். பெற்றோர் எந்நேரமும் உள்ளே வரலாம் என்று ஒப்புக்கொள்ளாத காப்பகத்தில் பிள்ளையை விடுவதற்கில்லை.

பிள்ளையைத் திரும்பக் கொடுக்கும்போது என்ன உண்டது, எவ்வளவு தூங்கியது, எத்தனை முறை கழித்தது, எங்கே இடித்துக்கொண்டது என்பதை அந்தப் பிள்ளையின் அக்காவே சொல்ல வேண்டும்; அவர் முன்னதாகக் கிளம்பினால் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சேரும் நாளில் தரப்பட்ட பெயர்ப் பட்டியலிலும் புகைப்படத்திலும் இல்லாதவர் சித்தப்பாவே ஆனாலும், பிள்ளையே அவரிடம் தாவினாலும், தாய்க்கோ தந்தைக்கோ கைப்பேசியில் அழைத்துக் கேட்காமல் ஒப்படைக்கக் கூடாது. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அவசரப்படுத்தும் உறவினருக்குச் சற்று வருத்தம் வரலாம். அந்த இரண்டு நிமிடம் அவர் காத்திருக்கத்தான் வேண்டும்.